போயிட்டு வாறன் என்று சொன்ன வீடு

பேய், பிசாசு, முனி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள், சிரியுங்கள். இருபத்திரண்டு வருடமாக மொன்றியலில் பார்சல் வான் ஓட்டுகிறேன். வீடும் அங்கேதான், பியர்பொன்ட்ஸ் பகுதியில். பக்கத்துத் தீவு இல்-பிசாரில் பனி மூடி வீட்டு இலக்கமே தெரியாத நாளிலும் சரியான கதவில் பெட்டியை வைத்துவிட்டு வருவேன். வழி தவறினேன் என்ற பேச்சே கிடையாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

போன வைகாசியில் என் மனைவி ராஜியின் தங்கை மகளுக்கு ஹொலண்டில் கல்யாணம். எல்லாம் முடிந்து ஒரு நாள் கையில் இருந்தது, பக்கத்தில் ஒரு சின்னக் கால்வாய் ஊர். நான் மட்டக்களப்பான், வாவிக்கரையில் ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவன். அந்த ஒல்லாந்தரின் சொந்த ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. ராஜிக்கு அதெல்லாம் வெறும் அலைச்சல்.

"எங்கட வீட்டுக்குக் கிட்ட சென்ட்-ஆனிலயும் கால்வாய்தானே ஓடுது, அதப் பாத்தாக் காணாதா?" என்றாள்.

போதாது என்று இழுத்துக்கொண்டு போனேன். சீஸ் நிறுத்து விற்ற பழைய மண்டபம், முன்னுக்குச் சாய்ந்து நிற்கிற செங்கல் வீடுகள், வெள்ளை அடித்த மரத் தூக்குப்பாலம் எல்லாம் பார்த்தோம். ராஜிக்குச் சீனி வருத்தம், இன்சுலின் ஊசி போடுகிறவள். நடந்து களைத்துப் பாலத்தடி வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று நான் மட்டும் பாலத்தைக் கடந்தேன். அவளுக்குச் சீனி இறங்கினால் கொடுக்கிற ஜூசும் டொபியும் என் முதுகுப் பையில் இருந்தன. அந்த மடைத்தனத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அக்கரையில் ஒரு பழைய வீட்டைப் பார்வைக்குத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே நீல ஓடு பதித்த சுவர், கறுத்த அலுமாரி. ஏப்ரன் கட்டிய கிழவி ஒருத்தி, தலையைக் குனிந்தபடி, தும்புத்தடியால் வீட்டுக்குள்ளிருந்து வாசற்படிக்கு மேலாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வெளியே நல்ல வெயில், மழை இல்லை. கதவடியில் பார்வையாளர் புத்தகம். மற்றவர்கள் பேரும் நாடும் எழுதியிருந்தார்கள். நான் போஸ்டல் கோட் வரைக்கும் முழு விலாசமும் எழுதினேன். தொழில் பழக்கம்.

வெளிக்கிடும்போது "போறன்" என்று சொன்னால் அம்மா வாயில் போடுவா. அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்திலும் விடமாட்டேன். "ஐ வில் கோ அண்ட் கம்" என்றேன். என் மகள் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி பண்ணுவாள். கிழவி நிமிராமல், எப்போது வருவாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நானும் பகிடியாக "சூன், சூன்" என்றுவிட்டு நடந்தேன்.

நம்பினால் நம்புங்கள், பாலத்தைக் கடந்து கால் வைத்தேன், அந்த வீட்டு வாசலில் நின்றேன்.

சரி, யோசனையில் திரும்பிவிட்டேன் என்று மறுபடி நடந்தேன். மறுபடியும் அதே ஈரப்படி. தேவாலயப் பக்கத்து ஒழுங்கையால் சுற்றிப் போனேன், அதுவும் அங்கேதான் கொண்டுவந்து விட்டது. அப்போது போன் அடித்தது.

"இஞ்ச பாருங்க, கை நடுங்குது, வேர்த்து ஊத்துது. எங்க நிக்கிறீங்க?"

"இந்தா, பாலத்தடிக்கு வந்திட்டன். இரு, எழும்பாத!"

பொய் இல்லை, வாங்கும் அவளுடைய நீலச் சால்வையும் என் கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணை எடுக்காமல் ஓடினேன். பாதிப் பாலம் வரைக்கும் அவள் தெரிந்தாள், அடுத்த அடி ஈரக் கல்லில் விழுந்தது. இரண்டாம் தரம் போன் வந்தபோது அவளுக்கு நாக்குத் தடித்துவிட்டது, மூச்சு மட்டும்தான் கேட்டது. பட்டப்பகலில், நடுத்தெருவில் நின்று அழுதேன். சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

கிழவி கூட்டிக்கொண்டே இருந்தாள். வருகிறேன் என்று சொன்னது நான்தானே, அதனால்தான் வந்துகொண்டே இருக்கிறேன் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மற்றச் சொல்லைச் சொல்ல வேண்டும். ராஜி அக்கரையில் அந்த நிலையில் கிடக்க, அந்தச் சொல்லுக்கு நாக்கு எழும்புமா? பல்லைக் கடித்துக்கொண்டு தமிழிலேயே சொன்னேன்.

"நான் போறன். இனி வரமாட்டன்."

தும்புத்தடி நின்றது. முதல் தரமாக நிமிர்ந்தாள். சாதாரண முகம், கோபம்கூட இல்லை. சரி, அப்படியானால் நான் உன்னிடம் வருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

பாலம் பாலமாக இருந்தது. ராஜி வாங்கில் சரிந்து கிடந்தாள். டொபியைக் கன்னத்துக்குள் அடக்கி, ஜூசைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கால் மணி நேரம் போன பிறகுதான் முகத்தில் உயிர்க்களை வந்தது. வந்ததும் ஏசினாள்.

"பாலத்து நடுவில வந்து வந்து திரும்பிப் போறீங்க. மூண்டு தரம்! கையக் காட்டினன், பாக்கவே இல்ல."

சீனி இறங்கினால் கண் எதையும் காட்டும் என்று அவளுக்கும் சொல்லி, எனக்கும் சொல்லிக்கொண்டேன். பாதி நம்பியும் விட்டேன், தை மாதம் வரைக்கும்.

தையில் ஒரு காலை, மைனஸ் இருபத்தைந்து. எங்கள் படிக்கட்டு முழுக்க ஐஸ். வாசற்படி மட்டும் ஈரமாக இருந்தது, உறையவில்லை. கூட்டித் தள்ளின கோடுகள் அதில் தெரிந்தன. தொட்டு மணந்து பார்த்தேன், கால்வாய்ப் பாசி மணம். அந்தப் புத்தகத்தில் போஸ்டல் கோட் வரைக்கும் எழுதிய விலாசம் ஞாபகம் வந்தது.

"இந்தக் குளிரில ஆரு வாசலக் கழுவினது? நீங்களா?" என்று கேட்டாள் ராஜி.

"ஓம்" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

இப்போதெல்லாம் வேலைக்குப் போகும்போது கையை மட்டும் காட்டுகிறேன், போறன் என்றும் இல்லை, வாறன் என்றும் இல்லை. ராஜிக்கு அதில் கோபம். போன கிழமை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். அவள் குசினியில் ஏதோ பொரித்துக்கொண்டிருந்தாள். ஈரம் இந்தத் தரம் கதவுக்கு உள்ளே இருந்து தொடங்கியிருந்தது.