ஜோலார்பேட்டையில் இறங்கினோம்

என் மகள் ரூபி பெங்களூரில் மயங்கி விழுந்தாள். டாக்டரின் கண் முன்னால் விழுந்தாள். விமானம் ஓட்டத் தகுதியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது 1979-ம் வருஷம், ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை.

நான் கொத்தனார். மார்த்தாண்டம் பக்கத்து ஊர். கல்யாணம் ஆன கையோடு திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்தவன். கரமனை ஆற்றுக்கு அக்கரையில் வாடகை வீடு. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. எனக்குச் சபையில் எழுந்து பேச வராது. ஆனாலும் நடந்ததை நாலு பேர் அறிய வேண்டும் என்று எங்கள் சபை உபதேசியார் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. கல்லூரியில் பௌதிகம் எடுத்து பி.எஸ்ஸி. படித்தாள். இரண்டாம் வருஷம் ஒரு நாள் வந்து, அப்பா, நான் விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றாள். விளையாட்டு என்று நினைத்தேன். விளையாட்டு இல்லை. கடற்கரைப் பக்கம் விமான நிலையத்தை ஒட்டி, பறக்கக் கற்றுக்கொடுக்கும் கிளப் இருந்தது. அரசு உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருந்தாள். அதுவும் கிடைத்துவிட்டது. டிகிரியும் வேண்டும், விமானி லைசென்சும் வேண்டும் என்றாள். என் மனைவி தங்கபாய் என் முகத்தைப் பார்த்தாள். நான் சரி என்றேன்.

விடிந்தும் விடியாமலும் அவளைச் சைக்கிளில் பின்னால் வைத்துக் கிளப்புக்குக் கொண்டு விடுவேன். அங்கே இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானம். பெயர் புஷ்பக். பறந்து முடித்து அங்கிருந்தே பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போவாள். சாயங்காலம் வீட்டில் இரண்டு படிப்பும் நடக்கும். காற்று, மேகம், திசை, இஞ்சின் என்று ஏதேதோ படிப்பாள். தந்தி அடிக்கிற மாதிரி கட்டுக்கடா சத்தமும் படிக்க வேண்டுமாம். எவர்சில்வர் மூடியில் கரண்டியால் தட்டிக்கொண்டே இருப்பாள். மூடி எல்லாம் சொட்டை ஆகிவிட்டது என்று தங்கபாய் ஏசுவாள். ஏசிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் போய் எங்க பிள்ளை தந்தி படிக்குது என்று சொல்லுவாள்.

சிலருக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் சபையில் செல்லையன் என்று ஒரு பெயிண்டர். எனக்குக் கூட்டுக்காரன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது எல்லார் முன்னாலும் கேட்டான்.

"ஓய், பறக்கப் போற பெண்ணை எவன் கெட்டுவான்? மாப்பிள்ளையும் மேல இருந்துதான் இறங்கி வரணும்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"வரட்டு. ஏணி நான் போட்டுக் குடுக்கேன்" என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் எனக்கு உள்ளுக்குள் வலித்தது.

முதல் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அதை வைத்துத் தனியாகப் பறக்கலாம். ஆனால் வேலைக்குப் போக முடியாது. வேலைக்கான லைசென்சுக்குப் பெரிய உடல் பரிசோதனை உண்டு. அது பெங்களூரில்தான். கண், காது, இருதயம், ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். அதில் தவறினால் படித்த படிப்பு அத்தனையும் வீண். வேறு வழி கிடையாது என்று கிளப்பில் சொல்லி அனுப்பினார்கள்.

நான் பயந்தேன். எங்கள் வீட்டில் யாரும் இவ்வளவு பெரிய இடத்தில் போய் நின்றதில்லை. பொன்னையா உபதேசியாரிடம் சொன்னேன். அவர் எங்கள் பகுதி ஜெபக்குழுவைக் கூட்டினார். உபவாச ஜெபம் வைப்போம் என்று முடிவானது. புதன் காலை தொடங்கி சனிக்கிழமை மாலை ஜெபத்தோடு முடியும். தண்ணீர் மட்டும். பதினொரு வீட்டார் சேர்ந்தார்கள். செல்லையனும் சேர்ந்தான். அதை மறக்காமல் எழுத வேண்டும்.

ரூபி உபவாசத்தில் இல்லை. அதை உபதேசியார் தெளிவாகச் சொன்னார். தங்கபாயும் சொன்னாள்.

"நீ திங்கணும் மக்ளே. பட்டினி கிடக்கது எங்க பாடு."

ரூபி தலையை ஆட்டினாள்.

புதன்கிழமை பகலில் கல்லூரிக்குப் போனாள். ராத்திரி படிக்க வேண்டும் என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வியாழக்கிழமை காலை நானும் அவளும் ரயில் ஏறினோம். தங்கபாய் வாட்டின வாழை இலையில் பொதிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். மறுநாளைக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும் தனிப் பொதி. எனக்கு ஒன்றும் கட்டவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உபவாசம் இருக்கிறவன் சாப்பாட்டுப் பக்கம் நிற்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். வாசனை வந்தால் மனம் இளகும். சாப்பிடுகிறவர்களுக்கும் தொண்டையில் இறங்காது. அதனால் அவள் பொதியை எடுத்தால் நான் எழுந்து வாசல் பக்கம் போய் நிற்பேன். திரும்பி வரும்போது இலை மடங்கி இருக்கும். தின்றாயா என்று கேட்பேன். ஆச்சு அப்பா என்பாள். கேட்டுவிட்டு உட்காருவேன். இதுதான் நடந்தது.

வெள்ளிக்கிழமை காலை பெங்களூர். குளிராக இருந்தது. பரிசோதனை இடத்தில் என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கண் நல்லது, காது நல்லது என்று இடையில் வந்து சொல்லிவிட்டுப் போனாள். முகம் வெளுத்திருந்தது. குளிர் என்று நினைத்தேன். பிறகு ரத்தம் எடுத்தார்கள். படி ஏறி இறங்கச் சொன்னார்கள். அதில்தான் விழுந்தாள்.

உள்ளே ஓடினேன். தரையில் கிடந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். அங்கே வேலை பார்த்த ஒரு மலையாளி, கொல்லத்துக்காரர், என்னைத் தனியாக அழைத்தார்.

"சேட்டா, விஷமிக்கருது, வருத்தப்படக்கூடாது. மயங்கி விழுந்த ஆளை விமானத்தில் விட மாட்டாங்க. மேல வச்சு விழுந்தா என்ன ஆகும்? டாக்டர் எழுதிட்டார். அந்தப் பேப்பர் தில்லிக்குப் போகும். பின்னே மாற்றறது கஷ்டம்."

டாக்டர் ரூபியிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்தே நின்றாள். அவளுக்கு ஏதோ நோய் இருக்கிறது என்று நான் நினைத்தேன். நமக்குத் தெரியாமல் இத்தனை நாள் பிள்ளை உடம்பில் என்ன இருந்தது என்று நினைத்தேன். விமானம் கூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

அன்று பகலே திரும்பும் ரயில் ஏறினோம். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அழவில்லை. என்னைப் போலத்தான், அழ வராது. நான் கண்ணை மூடினேன். எனக்கு நீளமாக ஜெபிக்கத் தெரியாது. "கர்த்தாவே, என்ன நடந்துதுன்னு எனக்குத் தெரியல்ல. நீர் காட்டும்" என்றேன். அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஜோலார்பேட்டை வந்தது. அங்கே இஞ்சினை மறுபக்கம் மாற்றிப் பூட்டுவார்கள். வண்டி நிறைய நேரம் நிற்கும். நான் கண்ணைத் திறந்தேன். ரூபி எதிர் சீட்டில் இருந்த கிழவிக்குத் தன் இட்லிப் பொதியைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முழுப் பொதி. ஒன்றுகூடக் குறையவில்லை.

"நீ திங்கலியா?" என்று கேட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கிழவிதான் சொன்னாள், இது தின்று இரண்டு மூன்று நாள் இருக்கும் போல, பிள்ளை கண்ணே குழிந்து கிடக்கிறது என்று.

எனக்கு அப்போது விளங்கிவிட்டது. நேற்றைய பொதிச்சோறும் இப்படித்தான் யாருக்கோ போயிருக்கிறது.

"கடைசியா எப்போ தின்னே, மக்ளே?"

"செவ்வாய்க்கிழமை ராத்திரி."

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"உபவாசத்துல விழுந்தேன்னு சொன்னா, சாமியால விழுந்தேன்னு சொன்னது மாதிரி இருக்கும்லா அப்பா. எனக்காக எல்லாரும் பட்டினி கிடக்குதாவ. நான் மட்டும் எப்படித் திங்க?"

நான் அவளை ஏசவில்லை. பையை எடுத்தேன். இறங்கு என்றேன். இறங்கினாள். எங்கள் வண்டி எங்களை விட்டுவிட்டுத் திருவனந்தபுரம் போய்விட்டது.

பிளாட்பாரத்தில் இட்லி வாங்கினேன். அவள் தொடவில்லை. அவள் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"நான் பொருத்தனை பண்ணியிருக்கேன் அப்பா. பாதியில முறிச்சா அவரு தருவாரா?"

கர்த்தருக்குக் கொடுத்த வாக்கை முறிக்கலாமா என்று எனக்கென்ன தெரியும்? வேதம் படித்தவனா நான்? எனக்கும் சனிக்கிழமை வரை உபவாசம். சபைக்கு முன் சொன்ன வார்த்தை. இலையை என் பக்கம் இழுத்தேன். ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டேன்.

"நான் முறிச்சாச்சு. கணக்கு எங்கிட்ட கேக்கட்டு. நீ தின்னு."

என் வாயைப் பார்த்தபடியே இருந்தாள். அப்புறம்தான் அழுதாள். அழுதுகொண்டே தின்றாள். இன்னும் வாங்கினேன். அதையும் தின்றாள். என் ஜெபத்துக்குப் பதில் அந்த முழுப் பொதிதான் என்று எனக்கு நிச்சயம். வண்டி அங்கே நிற்காமல் போயிருந்தால் நான் கண்ணைத் திறந்திருக்க மாட்டேன்.

அடுத்த வண்டியில் பெங்களூர் திரும்பினோம். சனிக்கிழமை காலை அதே வாசலில் போய் நின்றோம். கொல்லத்துக்காரர் எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்தார். பேப்பர் இன்னும் மேசை மேலேதான் இருக்கிறது, இன்று மத்தியானம் தபாலில் போகும் என்றார். உள்ளே அழைத்துப் போனார்.

ரூபி ஆங்கிலத்தில் எல்லாம் சொன்னாள். டாக்டர் முகம் மாறவில்லை. என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன்.

"சார், இவளுக்காக சபை பட்டினி கிடந்தது. இவளைக் கிடக்கச் சொல்லல்ல. இவளாக் கிடந்தா. இது நோய் இல்ல சார்."

கொல்லத்துக்காரர் அதை எடுத்துச் சொன்னார். டாக்டர் மேசை மேலிருந்த பேப்பரைப் பார்த்தார். பிறகு ரூபியிடம் ஏதோ சொன்னார். அவள் எனக்குச் சொன்னாள்.

"பக்தியோட மேல போகலாமாம் அப்பா. பசியோட போகப்பிடாதாம்."

அந்தப் பேப்பரை எடுத்து மேசைக்குள் வைத்தார். நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி, புதன்கிழமை வா, முதலில் இருந்து எல்லாம் பார்ப்பேன், சலுகை கிடையாது என்றார். சலுகை கேட்கவில்லை என்று ரூபி சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் நிமிர்ந்து நின்றாள்.

கொல்லத்துக்காரர் தன் வீட்டு நெருக்கடியிலும் எங்களைக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டார். அவர் மனைவி சோறும் மீனும் போட்டார். யார் என்றே தெரியாத எங்களுக்கு. புதன்கிழமை எல்லாம் மறுபடி பார்த்தார்கள். ரத்தம், இருதயம், படி ஏறுவது எல்லாம். இந்தத் தடவை இறங்கி வந்து என் முன்னால் நின்று சிரித்தாள். தகுதி உண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

திருவனந்தபுரம் வந்ததும் ஜெபக்குழுவில் எழுந்து நின்றேன். உபவாசத்தை நான் முறித்தேன், இன்ன இடத்தில், இன்ன காரணத்துக்கு என்றேன். ஒருவர் முகம் சுளித்தார். முறித்துவிட்டு வந்து சாட்சி சொல்கிறாயா என்று கேட்டார். எல்லாரும் உபதேசியாரைப் பார்த்தார்கள். அவர் ரூபியைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னைக்குச் சாப்பிட்டியா மக்ளே?"

முதலில் சிரித்தது செல்லையன். பிறகு எல்லாரும்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வந்தது. பரீட்சைக்கோ வேலை இன்டர்வியூவுக்கோ போகிற பிள்ளைக்கு, அன்று காலை உபதேசியார் வீட்டில் புட்டும் பயறும் பழமும். பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து அது தின்று முடிக்கிற வரை பார்ப்பார்கள். பிறகுதான் ஜெபம். உபவாசம் இருக்கிறவர்களும் எழுந்து போவதில்லை.

ரூபி அடுத்த வருஷம் பி.எஸ்ஸி. முடித்தாள். அதற்கு அடுத்த வருஷம் வேலைக்கான லைசென்ஸ் வாங்கினாள். கிளப்பில் அவளோடு தொடங்கின பையன்களில் பாதிப் பேர் இடையில் நின்றுவிட்டார்கள். இவள் நிற்கவில்லை. இப்போது வடக்கே ஒரு கம்பெனியில் இரண்டாவது விமானியாக இருக்கிறாள். தோளில் நாலு கோடு போட்ட பெரிய விமானியாக இன்னும் கொஞ்ச காலம் என்கிறாள். எனக்கு அவசரம் இல்லை.

வடக்கே போகும் முன் கிளப் விமானத்தில் என்னை ஒரு நாள் ஏற்றினாள். கடல் மேலே போய்த் திரும்பி ஊருக்கு மேலே வந்தாள். இருபது வருஷமாக நான் தளம் போட்ட வீடுகளை முதல் தடவை மேலே இருந்து பார்த்தேன். சில தளம் நல்ல மட்டம். ஒன்றிரண்டில் தண்ணீர் கட்டிக் கிடந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. என் பிள்ளை கையில் விமானம் ஆடாமல் போனது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வேலை இடத்தில் விமானச் சத்தம் கேட்டால் பையன்கள் கூப்பிடுவார்கள். மேசிரியே, மகளா போகுது என்பார்கள். இருக்கும் என்பேன். பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பேன்.

நான் பெருமை பேசுகிறேன் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். கொத்தன் மகளை மேலே கொண்டு போனவரைப் பற்றித்தான் பேசுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை ஏதாவது பெரிதாகக் கேட்கும். பயப்படாதீர்கள். உங்களுக்குத் தெரியாத இடம் அவருக்குத் தெரியும். தெரியவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். வார்த்தை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு கண்ணைத் திறந்து பிள்ளையைப் பாருங்கள்.