சுவரில் வைத்த துடுப்பு

செங்கலடிச் சந்தியில் இரட்டைக் கதவு போட்டு நிற்கும் அரிசி ஆலை நான் கட்டியது. தன்னாமுனைப் பக்கம் எந்த மாரிக்கும் வெள்ளம் ஏறாத நீட்டுக் கட்டடம், அதுவும் நான்தான். கதிரவெளியில் உப்புக்காற்றைத் தின்றுகொண்டு இன்றைக்கும் உதிராமல் நிற்கும் மீன்வாடி, அத்திவாரம் முதல் ஓடு வரை என் கை. பட்டணத்தில் வாவிக்கரையோரம் வரிசையாய் இருக்கும் கடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தகப்பன் வாவியில் வலை வீசியவர். கட்டட வேலை ஒப்பந்தம், எங்கள் வாயில் கொந்துறாத்து, கேட்டுப் போன இடத்தில் இரு என்று கதிரையைக் காட்ட ஒருவரும் இல்லை. நின்றுகொண்டே கேட்டேன், நின்றுகொண்டே வாங்கினேன்.

அந்தக் கடைகள் வருமுன் அங்கே ஒல்லாந்தர் காலத்துப் பண்டசாலைகள் பாழாய்க் கிடந்தன. பெரிய யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்தி. ஆலமர வேர் சுவரைப் பிளந்து, கூரை பாதி விழுந்து, உள்ளே வௌவால் நாற்றம். இடித்துத் துப்புரவாக்கி, அந்த நிலத்தில் புதுக்கடை எழுப்பும் வேலை எனக்குக் கிடைத்தது. இடிக்குமுன் ஒவ்வொரு கட்டடமாய் உள்ளே போய், திரும்பப் பாவிக்கக்கூடிய மரத்துக்குக் கரியால் அடையாளம் போட வேண்டும். அதற்குக் காத்தான்குடியிலிருந்து ஒரு தச்சரைக் கூட்டிவந்தேன். என்னைவிட மூத்தவர், அவர்கள் வழக்கப்படி அண்ணனுக்குச் சொல்லும் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். மரத்தைக் கண்டால் உளிப்பிடியால் தட்டிப் பார்ப்பார். இரண்டு தட்டு வேகமாய், கொஞ்சம் பொறுத்து ஒன்று. டக்டக்... டக். உள்ளே உளுத்துக் கோறையாகிவிட்டதா இல்லையா என்று அந்தக் கடைசித் தட்டு சொல்லும் என்பார். காலையிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்.

"காக்கா, கதவைத் தட்டுற மாதிரித் தட்டுறீங்க. ஆர் திறக்கப்போறா?"

"ஒல்லாந்தன் திறப்பான் தம்பி. நீ வாய மூடிட்டுக் கரியப் பிடி."

வாவியை ஒட்டி நின்ற கட்டடம்தான் கடைசி. முன்னால் கூடம். பின்னால், தண்ணீர்ப் பக்கமாய், யன்னல் இல்லாத மூன்று அறைகள் அடுத்தடுத்து. அறைகளுக்கு மேலே பலகைத் தளம். காக்கா மேலே ஏறினார். "முதிரை தம்பி, முதிரை! உளி இறங்காது!" என்று அவர் கத்தியது கேட்டது. அடுத்த மூச்சில் தளம் முறிந்தது. கூடம் முழுக்கச் சுண்ணாம்புப் புழுதி. புழுதி அடங்கியபோது அறைகளுக்குப் போகும் ஒடுங்கிய வழி கல்லும் பலகையுமாய் அடைபட்டிருந்தது; காக்கா அதற்கு அப்பால் ஏதோ ஓர் அறைக்குள் விழுந்திருந்தார்.

"காக்கா!" என்றேன். ஒரு குரல் வந்தது. கூரையில்லாத அந்தப் பாழில் அது சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. பிறகு வரவேயில்லை.

ஓடிப் பின்பக்கம் வந்தேன். சத்தம் கேட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். என் பெண்சாதியின் தம்பி தோணியைக் கரையில் கட்டிவிட்டு அலவாங்குக் கம்பியோடு ஓடிவந்தான்.

"நடு அறைதான் மச்சான், நடு அறையிலதான் கத்தினவர். உடைப்பம்!"

நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்று அறைக்கும் மேலே சுவரின் பாரத்தைக் குறுக்கே போன ஒரே வளைமரம் தாங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒரு நுனி கழன்று தொங்கியது. பின்சுவரில் ஓர் இடத்தில் ஓட்டை போடலாம். இரண்டாவது ஓட்டை போட்டால் எல்லாம் காக்காவின் தலைமேல். எந்த அறை என்று தெரியாமல் கை வைக்க முடியாது.

அலவாங்கை வாங்கிச் சுவரில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தேன். இரும்பு எல்லாச் சத்தத்தையும் ஒன்றாய்க் கலந்து இரைந்தது. அப்போதுதான் என் தகப்பன் ஞாபகம் வந்தது. வாவியில் மீன் பாடுகிறதா என்று கேட்க, துடுப்பைத் தண்ணீரில் இறக்கிப் பிடியில் காதை வைப்பார். மரம் அடியில் உள்ளதை மட்டும் ஏற்றி அனுப்பும்.

"தோணியில இரிக்கிற துடுப்பக் கொண்டாடா!"

"துடுப்போ? தரையில என்னத்துக்கு மச்சான்?"

"கொண்டா எண்டா கொண்டா!"

கச்சான் கடலை விற்கும் ஒருத்தி கூட்டத்தில் நின்றாள். "அந்த மனுசன் உள்ளுக்குச் சாகிறார், இவர் மீன் பாட்டுக் கேக்கப் போறார் கா!" என்றாள். சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்களும் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்தார்கள்.

"வாயப் பொத்துங்க எல்லாரும்!" என்று கத்தினேன். பொத்தினார்கள்.

முதல் அறைச் சுவரில் சரசரவென்று சாந்து உதிரும் சத்தம் மட்டும். நடு அறையில் வாவி அலை அத்திவாரத்தில் அடிக்கும் சத்தம். ஆள் சத்தம் இல்லை. "உடைப்பம் மச்சான், நேரம் போகுது" என்று மைத்துனன் அழுதான். மூன்றாவது சுவரில் துடுப்பை வைத்தேன். ஒன்றுமில்லை. என் நெஞ்சுதான் அடித்தது. மேலே வளை ஒருதரம் முனகியது. மூச்சைப் பிடித்தேன்.

டக்டக்... டக்.

"இஞ்ச!" என்றேன்.

அடிக்க விடவில்லை நான். அலவாங்கு நுனியால் சாந்தைச் சுரண்டி, கடலில் எடுத்த முருகைக்கல்லை ஒவ்வொன்றாய் உருவினோம். கை நுழையும் அளவு திறந்ததும் உள்ளேயிருந்து இருமல் வந்தது.

"தம்பி, அந்த இரும்ப எடு. கண்ணுக்கு நேர வருது."

ஆள் நுழையும் அளவு திறந்தோம். காக்கா வரவில்லை.

"வாங்க காக்கா, வளை இறங்குது!"

"வெளிய பொம்பளையள் நிக்கிறாங்களா?"

"என்ன கேள்வி இது?"

"உடுத்த சாரன் மரத்துக்குக் கீழ மாட்டிட்டு. இழுத்தா வருகுதில்ல."

"உட்டுட்டு வாங்க!"

"உட்டுட்டா? காத்தான்குடிக்கு எப்படிடா போற?"

என் இடுப்புத் துண்டை அவிழ்த்து உள்ளே எறிந்தேன். அதைக் கட்டிக்கொண்டு தவழ்ந்து வந்தார். என் மைத்துனன் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தோம். முழங்காலளவு வாவியில் நின்று திரும்பிப் பார்த்தபோது வளை இறங்கியது. மூன்று அறையும் ஒன்றன்மேல் ஒன்றாய் உட்கார்ந்தன. கச்சான்காரி தலையில் கை வைத்தபடி நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

காக்கா அதன்பின் பல வருஷம் இருந்தார். அந்தக் கடைகளுக்குக் கதவு நிலை எல்லாம் அவர் கைதான். அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் கதை சொல்லும்போது, "நான் போட்ட கூப்பாட்டுல ஆக்கள் ஓடி வந்து உடைச்சாங்க" என்பார். எத்தனையோ முறை முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். "ஆக்களா? துடுப்பு எங்க போச்சு காக்கா?" சிரிப்பார். "அது உன்ட வாயில பத்திரமா இரிக்கி தம்பி, எனக்கென்னத்துக்கு?"

இப்போது அவர் மகன் அதே கதையை, அதே கடைவரிசையில் உட்கார்ந்து, வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறானாம். கூப்பாடு கேட்டதாம், ஆட்கள் வந்தார்களாம்.

மகனே, உன் வாப்பாவின் கூப்பாடு எந்த அறை என்று எங்களுக்குச் சொல்லவில்லை. அவர் தட்டினார், நான் கேட்டேன். அந்தத் தட்டை அவர் பங்காய்ச் சொல், நானும் தலையாட்டுவேன். கேட்ட காது என்னுடையது. அதை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்க உனக்கு உரிமையில்லை. இனிமேல் சொல்லும்போது, வாவியில் வலை வீசியவரின் மகன் சுவரில் துடுப்பை வைத்துக் கேட்டான் என்று சொல். நீ உட்கார்ந்திருக்கும் கடையைக் கட்டியவனும் அவனே என்று சேர்த்துச் சொல். அந்த இடுப்புத் துண்டைப் பற்றி நீ சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.