மாமா வண்டியின் எலுமிச்சம்பழங்கள்

இன்று காலை புத்தலப்பட்டு பிள்ளையார் கோயிலில் மாமாவின் சொகுசு எஸ்யூவிக்குப் பூஜை.

நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சாவி அர்ச்சகரின் தட்டில் இருந்தது. வண்டிக்குள் யாரும் இல்லை.

அத்தை பானட்டில் குங்குமம் வைத்துவிட்டு விலகினார். மறுநொடி வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. பழங்கள் நசுங்கின. அத்தை நின்றிருந்த இடத்தைத் தாண்டிப் போய்த் தானாகவே நின்றது.

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"சாமியே ஓட்டிக்கினு போச்சு, பாத்தியா?" என்றார் மாமா.

"கம்பெனில எதனா சொன்னாங்களா மாமா?" என்று கேட்டேன்.

போனை நீட்டினார். நிறுத்திய வண்டி தானாக நகரக்கூடும், உடனே சர்வீஸுக்குக் கொண்டுவரவும் என்று போன வாரமே மெசேஜ் வந்திருக்கிறது.

"அதுக்குத்தான் பூஜையே. ஏறு, திருப்பதிக்குப் போலாம்."

நான் பஸ் ஏறிவிட்டேன். பின்கண்ணாடி வழியே பார்த்தால் அந்த வண்டி பின்னாலேயே வருகிறது. ஓட்டுவது மாமாதான் என்று யாராவது சொல்லுங்களேன்.