வேகாத அரிசி

புயலடித்த மறுநாள், குடவாசல் பக்கத்து எங்கள் ஊரில் அடுப்பெரிந்த ஒரே இடம் சர்ச் கொட்டகைதான். கூலி வேலைக்குப் போகும் சபை மக்கள், தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து ஊருக்கே சமைத்தார்கள்.

அங்கே பொங்கிப் போட்ட ஒரு அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். புடவைமேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "போதுமா?" என்று கேட்காமல் அடுத்த தட்டுக்கு நகரமாட்டார்.

எங்கள் தெருவிலிருந்து யாரும் அங்கே சாப்பிடப் போகவில்லை. வீடுகளில் இருந்த அரிசியெல்லாம் வெள்ளத்தில் போயிருந்தது. பசி தாங்காமல் என்னைத்தான் அனுப்பினார்கள்.

"சமைச்சது வேணாங்க. அரிசியா குடுத்தா நாங்களே பொங்கிக்குவோம்" என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"உங்க வயல்ல நட்டதும் நாங்கதான், அறுத்ததும் நாங்கதான். அதச் சாப்பிடுறீங்க. நாங்க வேகவெச்சாதான் ஆகாதா தம்பி?"

நான் தலைகுனிந்தபடியே கொண்டுபோன பையை நீட்டினேன். அவர் அரிசியை அள்ளி என் பையை நிரப்பினார். எங்கள் வீட்டில் நனைந்திருக்கும் என்று தீப்பெட்டியும் கொடுத்தார்.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் முந்தின நாளிலிருந்து பட்டினி. "சாப்பிட்டேங்க" என்றேன்.

பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்படியும் திட்டாமல், அந்தப் பையைத் தூக்கி என் தோளில் வைக்க அவரால் எப்படி முடிந்ததென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.