சித்தேரி மலையில் துரும்பு முறித்த நாள்

சித்தேரிக்கு நான் போனது மலையைப் பார்க்க அல்ல. என் தங்கை ராசம்மா கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது மூன்று வருஷம். அவள் புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். இவளைக் கூப்பிடவும் இல்லை, விடவும் இல்லை. எங்கள் குடியானவர்களுக்குள் தாலி கட்டினால் கட்டினதுதான். இரண்டு தடவை அவன் வீட்டில் கொண்டுபோய் விட்டோம், இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டாள். பங்குனியில் மறுபடி விடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். மலையில் ஊர்க்கூட்டத்தின் முன் ஒரு துரும்பை முறித்தால் கல்யாணம் தீர்ந்துபோகும் என்று ஒரு புளி வியாபாரி சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதைக் கண்ணால் பார்த்து வந்து அப்பாவிடம் வாதாடலாம் என்று, யுத்த காலத்து மாசி மாதத்தில், அப்படி ஒரு கூட்டம் நடக்கும் என்று வியாபாரி சொன்ன நாளை ஒட்டி மூன்று நாள் லீவு போட்டேன்.

தருமபுரியிலிருந்து அரூர் இருபத்தைந்து மைல். காலை ஆறு மணிக்குப் பஸ், கட்டணம் ஒன்பதணா. பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் வண்டி. மேட்டில் இரண்டு தடவை இறங்கித் தள்ளினோம். தள்ளியவர்களுக்கு டிக்கெட்டில் தள்ளுபடி ஒன்றும் கிடையாது. பத்தரைக்கு அரூர். அங்கிருந்து அடிவாரம் பத்து மைல், மாட்டு வண்டிக்கு ஒன்றரை ரூபாய்.

"மலையில என்ன சோலிங்க?" என்றார் வண்டிக்காரர்.

"சும்மா பாக்கத்தான்."

"சும்மா பாக்க எவனுங்க இந்த வெயில்ல மலையேறுவான்?"

தங்கை விஷயத்தை வழியில் போகிறவரிடம் சொல்ல வெட்கம்.

அடிவாரத்தில் தங்கிவிட்டு விடிந்ததும் ஏறினேன். ஆறு மைல், நாலு மணி நேரம். என் அவசரத்தில் இரண்டு இடத்தில் வழி தப்பினேன். போனபோது கோயில் முன் கூட்டம் கூடியிருந்தது. சின்னப்பொண்ணு என்ற பெண் தன் கல்யாணத்தைத் தீர்த்துவிடச் சொல்லிக் கேட்டிருந்தாள். அவள் புருஷன் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன், இரண்டு வருஷம் கழித்து இன்னொரு பெண்ணோடு திரும்பியிருந்தான்.

ஊர்க்கவுண்டர் இருவரையும் சம்மதமா என்று மூன்று முறை கேட்டார். பிறகு புருஷன் கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவி, முறித்து, பாதியை அவளிடம் கொடுத்தான். மொத்தமே அரை மணி. எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக நடக்காதது அரை மணியில் நடந்ததைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

அதற்கப்புறம்தான் அவள் இடுப்பிலிருந்த குழந்தையை மாமியார்க்காரி வாங்கிக்கொண்டாள். தீர்த்துப் போகிறவள் பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போகவேண்டுமாம். புளி வியாபாரி இதைச் சொல்லவில்லை. அந்தக் குழந்தை தாயின் பக்கமே கையை நீட்டி வீறிட்டு அழுதது.

இறங்கும் வழியில் சின்னப்பொண்ணும் அவள் அண்ணனும் கூட வந்தார்கள். அடிவாரத்துக்குப் பக்கத்தில்தான் தாய் வீடு. முன்னால் நடந்த அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க தங்கச்சி தீத்து வுடச் சொல்லிக் கேட்டுச்சுங்களா?"

"அது எப்பிடிம்மா கேக்கும்? நாங்கதான் பாக்கோணும்."

அவள் நின்றாள். "எங்களுக்கு நாங்க கேட்டாத்தாங்க கூட்டமே கூடும். கேட்டுட்டுத்தான் இந்த வேதனை. கேக்காதவளுக்கு நீங்க எதுக்குங்க மலையேறி வந்தீங்க?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அரூர் வந்து சேரும் வரை அவளுக்குப் பதில் தேடிக்கொண்டே வந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: மாசி தாண்டினால் வழியில் தண்ணீர் இருக்காது. சோறு கட்டிக்கொண்டு போங்கள். துணைக்கு ஆள் வேண்டும், கூலி எட்டணா. கூட்டம் நடந்தால் கூப்பிடாமல் கிட்டே போய் உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன், அது தப்பு.

வீட்டுக்கு வந்ததும் ராசம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாக, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அவள் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கொழந்த ரொம்ப அழுதுச்சாண்ணா?"

"ஆமா."

"எனக்குத் துரும்பு வேண்டாம். அவனும் வேண்டாம். பங்குனியில என்னெக் கூட்டிக்கிட்டுப் போறதுன்னா, கட்டித் தூக்கிக்கிட்டுத்தான் போகணும்னு அப்பாகிட்ட சொல்லிருங்க."

அப்பாவிடம் பேசுவதற்காக நான் பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்த பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. அவள் சொன்னதை அப்படியே போய்ச் சொன்னேன்.