மறுகரையில் புளியோதரை

காலை ஏழு பத்து. ஏரியின் மறுகரை பார்க்கிங்கில் முதலில் கண்ணில் பட்டது, பின்கதவு திறந்திருந்த ஒரு கார். உள்ளே துண்டு சுற்றிய மூன்று பெரிய பாத்திரங்கள், ஒரு ஐஸ் பெட்டி, ஒரு கட்டு காகிதத் தட்டு. பக்கத்தில் என் தோழி. கதவை மூடிப் பூட்டி, சாவியைக் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டாள்.

"புளியோதரை இங்கயே இருக்கட்டும்க்கா. வேணும்ங்கறவங்க நடந்து வந்து சாப்பிடட்டும்."

அவளை என் காரில் ஏற்றி வீட்டில் விட்டேன்.

வெஸ்ட் வின்ட்சர் ஊரில் எங்கள் நான்கு தமிழ்க் குடும்பங்களும் ஹைக்கிங் போகும் முறை இது. சனிக்கிழமை பத்து மணிக்குப் பூங்காவில் கூடுவோம். நடைபாதை தொடங்கும் இடத்தில் ஒரு மரமேசை உண்டு. அதில் பாத்திரங்களை இறக்குவோம். "ஆறிப் போயிடும்" என்று யாராவது சொல்வார்கள். சாப்பிடுவோம். தயிர் சாதம் இறங்கிய வயிற்றோடு படகுத்துறை வரை போய், போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவோம். ஷூ மட்டும் எல்லோருக்கும் உயர்ந்த ரகம், தண்ணீர் புகாதது.

தோழியின் கணவருக்கு வேறு மாநிலத்தில், ஃபிரிஸ்கோவில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்கிறார்கள். போவதற்குள் இந்த ஏரியை ஒரு முறை எல்லோருமாக முழுசாகச் சுற்றிவிட வேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் சாப்பாடே ஜெயித்தது. இது கடைசிச் சனிக்கிழமை.

பத்து மணிக்கு வந்த சென்னைக்காரர், எங்களில் அதிகம் பேசுகிற இன்ஜினியர், மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்கம்மா சோறு?"

"அந்தப் பக்கம்ண்ணா." தண்ணீருக்கு அப்பால் கையைக் காட்டினாள்.

"விளையாடாதம்மா. காலையில வெறும் காபிதான் குடிச்சிருக்கேன்."

"இதுக்கென்ன, ட்ரைவ் பண்ணா அஞ்சு நிமிஷம்" என்றார் அவள் கணவர்.

"போங்க. வண்டி லாக் பண்ணியிருக்கு, சாவி என்கிட்ட. நான் நடந்துதான் வருவேன்."

"ஸ்பேர் கீ?" என்றார் கணவர்.

"பேக் பண்ணியாச்சுங்க. எந்தப் பெட்டியில இருக்குன்னு தேடிப் பாருங்க."

"மச்சான், இது கிட்நாப்பிங்டா" என்றார் இன்ஜினியர். "சோத்தைக் கடத்தி வச்சுக்கிட்டு நம்மளை நடக்க விடறாங்க."

"அம்மா, யூ ஆர் சாவேஜ்" என்றாள் தோழியின் மகள். அவள் தன் அம்மாவைப் பாராட்டி நான் கேட்டது அன்றுதான் முதல்முறை.

நடந்தோம். மரங்களில் வழிகாட்டும் வெள்ளைப் பெயின்ட் அடையாளம். படகுத்துறையைத் தாண்டியதும் பாதை குறுகியது. வேர்கள் குறுக்கே ஓடின. சதுப்பான இடத்தில் பலகை போட்டிருந்தார்கள். சாய்ந்த கட்டை ஒன்றில் ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்தன. எங்கள் சத்தம் கேட்டு ஒவ்வொன்றாக நீரில் விழுந்தன. இன்ஜினியர் ஒவ்வொரு வளைவிலும் நின்று, "பெருங்காய வாசனை வருதா பாருங்க" என்றார்.

மறுகரையில் புளியோதரை ஆறியிருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. பாத்திரங்கள் காலியாயின.

சிக்கல் பிறகுதான் வந்தது. மீதிப் பாதி ஏரி இருந்தது. ஐந்து பேர் உட்காரும் காரும் இருந்தது. எல்லோருடைய பார்வையும் காரின் மேல். கணவர் கையை நீட்டினார். அவள் ஜிப்பைத் திறந்து சாவியைக் கொடுத்துவிட்டாள்.

"முடியாதவங்களைக் கூட்டிட்டுப் போங்க. நான் சுத்திட்டு வந்துடறேன்."

குரலில் கோபம் இல்லை. குனிந்து தட்டுகளைப் பொறுக்கிக் குப்பைப் பையில் போட ஆரம்பித்தாள். முகத்தை மட்டும் எங்கள் பக்கம் திருப்பவில்லை.

இன்ஜினியர் அதற்குள் முன்சீட்டில், கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்டிருந்தார். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். பெல்ட்டைக் கழற்றினார்.

"இறங்குடா மச்சான். விட்டா ஃபிரிஸ்கோ பூரா சொல்லி நம்ம மானத்தை வாங்கிடுவாங்க."

கணவர் காரைப் பூட்டி, சாவியைத் திரும்ப அவளிடமே கொடுத்தார். "சாயங்காலம் வந்து எடுத்துக்கலாம். நட."

அவள் முன்னால் போனாள், நாங்கள் பின்னால். சிறிய அணை, அதன்மேல் இரும்புப் பாலம், பைன் மரங்கள், ஒரு மேடு. மேட்டில் இன்ஜினியரைத் தவிர யாரும் பேசவில்லை. மேடு இறங்கியதும் எங்கள் பழைய மரமேசை தெரிந்தது.

"அவ்ளோதானா?" என்றாள் தோழி.

மேசைக்குப் பின்னால் பூங்காவின் வரைபடப் பலகை இருந்தது. எல்லோரும் அதன் முன் போய் நின்றோம். ஏரியைச் சுற்றும் பாதை மொத்தமே இரண்டேகால் மைல் என்று போட்டிருந்தது.