ஏப்ரலில் கூடிப்போன சம்பளம்

எண்பதுகளின் கடைசியில் கல்முனையில் நான் வேலை பார்த்த கந்தோருக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கொழும்பில் மூன்று மாதம் பயிற்சி எடுத்தவன் என்பதால் அதைத் தொட அனுமதி பெற்ற ஒரே ஆள் நான். தலைக்கனம் இருந்தது, மறைப்பானேன். ஊழியர்களின் சம்பளத்தை மாதாமாதம் டேட்டாபேஸில் ஏற்றி வைப்பேன். எந்தக் காலத்துக் கணக்கைக் கேட்டாலும் அதைக் கூட்டித் தரும்படி கட்டளை எழுதுவேன். லெட்ஜர் புரட்டி இரண்டு கிழமை செய்கிற வேலையை அது தேத்தண்ணி ஆறுமுன் முடித்துவிடும்.

செப்டெம்பரில் தலைமையகம் ஒரு சுருக்கம் கேட்டது. இந்த வருடத்தின் முதல் நான்கு மாதங்களையும் போன வருடத்தின் அதே நான்கு மாதங்களையும் அருகருகே வைத்துக் காட்ட வேண்டுமாம். நான் எழுதிய கட்டளை சின்னது: மாதம் ஒவ்வொன்றிலும் கையில் கொடுத்த தொகையெல்லாவற்றையும் கூட்டு, வருடப்படி பிரி. பிரிண்டர் கிரீச்சிட்டு அச்சடித்தது. ஏப்ரல் மட்டும் போன வருடத்தைவிட எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. ஏனென்று யோசிக்காமல் அதற்குக் கீழே சிவப்பில் கோடு வேறு போட்டு அனுப்பினேன். கெட்டிக்காரத்தனமாம்!

ஒக்டோபர் கடைசியில் கேஷியருக்குக் கடிதம் வந்தது. ஏப்ரலில் கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், விளக்கம் தர வேண்டும், தராவிட்டால் வேலையிலிருந்து இடைநிறுத்தம், பிறகு பொலிஸ். பொலிஸ் கூட்டிக்கொண்டு போனவர் வீடு திரும்புவாரா என்று சொல்ல முடியாத காலம் அது. அவர் கடிதத்தை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

ஐம்பது தாண்டிய மனிதர், எங்கள் எல்லோருக்கும் காக்கா, மூத்த அண்ணன் மாதிரி. அந்த ஏப்ரலில் ஊரடங்கு போடப் போகிறார்கள் என்று கதை பரவியதால், முழுச் சம்பளத்தையும் ஒரே மத்தியானத்தில் அவசர அவசரமாகக் கொடுத்து முடித்தவர். சரிபார்க்கச் சம்பளப் பட்டியல்களும் இல்லை, கணக்காய்வுக்குப் போய்விட்டன.

“தம்பி, மெஷின் பிழை விடுமா?”

“மெஷின் பிழை விடாது காக்கா.”

“அப்ப நான்தான் விட்டிரிக்கன். அண்டைக்கு எண்ணினதும் தெரியா, குடுத்ததும் தெரியா. யா அல்லாஹ், இந்த வயசில கள்ளன் என்டு பேர் எடுக்கவா?”

வியாழன் பின்னேரம் சட்டையைக் கழுவப் போடும்போது பையில் என் சம்பளச் சீட்டு கிடந்தது. ‘பெருநாள் முற்பணக் கழிவு, ஆறாம் தவணை’. விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணினேன். முதல் தவணை மே மாதம். அப்படியென்றால் முற்பணம் தந்தது ஏப்ரலில்.

நோன்புப் பெருநாள் பிறையோடு வருவது, வருடம் பத்துப் பதினொரு நாள் முந்திக்கொள்ளும். போன வருடம் பெருநாள் மே நடுவில், முற்பணமும் மேயில். இந்த வருடம் மே பிறந்த கையோடு பெருநாள், அதனால் முற்பணம் ஏப்ரலிலேயே கொடுத்தாயிற்று. கந்தோரில் முக்கால்வாசிப் பேர் நாங்கள், முஸ்லிம்கள்தான். அந்தக் கடன் காசையும் சம்பளத்தோடு சேர்த்துக் கூட்டும்படி சொன்னவன் நான். மெஷினுக்குப் பிறை தெரியாது, சரி. பிறை பார்த்து நோன்பு பிடித்த எனக்கு எங்கே போயிற்று புத்தி? கையில் இருந்த சட்டையே அந்த முற்பணத்தில் தைத்ததுதான்!

அப்போதே சைக்கிளை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பிழை என்னுடையது என்று தெரிந்தால் கம்ப்யூட்டரைப் பறித்துவிடுவார்கள், வேலையும் போகும், கந்தோரே கைகொட்டிச் சிரிக்கும். பயந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யும்போது காக்கா என் பக்கத்தில்தான் குந்தியிருந்தார். முகம் கறுத்து, கண் உள்ளே போயிருந்தது. வாயைத் திறந்தேன். “துஆ கேளுங்க காக்கா, எல்லாம் சரியாகும்” என்று சொல்லி மூடினேன். வாய்க்குள் கொழுக்கட்டை. சனியும் ஞாயிறும் வீட்டை விட்டு இறங்கவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டாலும் அவரோ என்று உள்ளறைக்குப் போய்விடுவேன்.

திங்கள் காலை மனேஜரிடம் சொன்னேன். அவர் ஏசினார், ஆனால் உடனே தலைமையகத்துக்குப் போன் எடுத்தார். ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்தது. இதற்குத்தான் நான் மூன்று நாள் செத்துப் பிழைத்தேன்.

காக்கா ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்தார். நடந்ததைச் சொன்னேன். அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அல்ஹம்துலில்லாஹ்! நான் கள்ளனில்ல. தம்பி, நான் கள்ளனில்ல!” கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் பையைப் பார்த்தார்.

“இதென்ன காக்கா?”

“அந்தக் கூடின காசத் திருப்பிக் கட்டுறத்துக்கு என்டு கொண்டு வந்த சல்லி. மகள்ட வளவ வித்துப்போட்டன், அரை விலைக்கு. வாங்கினவர் இனித் திருப்பித் தரமாட்டார்.”

எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். அதற்கென்று வைத்திருந்த அந்தக் காணியில் அவர் அத்திவாரத்துக்குக் கல் இறக்கி வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

“எப்ப வித்தீங்க?”

“சனிக்கிழமதான் நொத்தாரிசிட்டப் போய்ப் பத்திரத்தில கையெழுத்து வெச்ச.” என் முகத்தைப் பார்த்தார். “நீ இத எப்ப தம்பி கண்டுபிடிச்ச?”

“இண்டைக்குக் காலையிலதான் காக்கா,” என்றேன்.

அவர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். “அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்வான் மகன். கண்ட உடன ஓடி வந்து சொன்னியே.”